ஹேமா-1 முதல் ஹேமா-7 வரை

பெருங்களத்தூர்
14.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தினா எழுதறேன். இங்க எல்லாரும் சுகம்னு ஆரம்பிக்கணும். எல்லாரும்ல ஒருத்தர் குறையறாரு, மத்தபடி சுகம். நீயும் ஷ்யாம்சுந்தர் மாமாவும் எப்படி இருக்கீங்க?

அப்பா போய் முப்பத்தஞ்சு நாளாச்சு. உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். உன் ஃபிரெண்டு வினிதா அக்கா சொல்லிட்டதா சொன்னாங்க. நீ ஏன் வரலைன்னு நான் கேக்கல. நான் கேக்க வந்த லிஸ்டு வேற.

நீ வேலை பாக்கற காலேஜ் ஆபீஸ் விலாசத்தை வெப்சைட்ல சுட்டேன். பதிலை நம்ம டைப்பிங் கடைக்கே போடு. வீட்டுக்குப் போட்டா துரைராஜ் மாமா பிரிச்சுடுவாரு. தங்கச்சி வீட்டுத் தபாலைப் பிரிக்கறதும் தாய்மாமன் சீர்ல ஒண்ணுன்னு நினைப்பு அவருக்கு.

அப்பா போன அஞ்சாம் நாள் கடை கம்ப்யூட்டரும் போயிடுச்சு. உடன்கட்டை. தாம்பரத்துல ஒரு செகண்ட்ஹேண்ட் பெட்டி பிடிச்சோம். அதுல நம்ம பழைய வேர்ட் கிடையாது, ரைட்டர்னு இலவசமா ஒண்ணு இருக்கு. எல்லா வேலையும் செய்யுது. ஆனா எதுவும் அப்பா வெச்ச இடத்துல இல்ல. அப்பாவுக்கு எல்லாம் செட் பண்ணிக் கொடுத்தவ நீ, அதனால உன்கிட்ட வர்றேன்.

அப்பாவோட ஃபைல் எதைத் திறந்தாலும் வண்டலூர் ஜூலேர்ந்து குரங்கு தப்பிச்சு வந்து கீபோர்டுல குதிச்ச மாதிரி இங்கிலீஷ் எழுத்தா கொட்டுது. ஒரு வரியோட அலங்காரத்தை எடுத்து இன்னொரு வரியில பூசுமே ஒரு பிரஷ், அதைக் காணோம். அப்புறம் எந்த வரி எப்படி நிக்கணும்னு சேமிச்சு வெக்கற ஸ்டைல் பட்டியலைத் திறந்தா ஹேமா-1, ஹேமா-2ன்னு ஹேமா-7 வரைக்கும் வரிசை கட்டி நிக்குது. ஒரு அக்காவையே இந்த வீட்டால சமாளிக்க முடியல. ஏழு எதுக்கு? அழிச்சுடட்டுமா?

உன் போன் நம்பரும் எழுது. துரைராஜ் மாமா என் போன்லேர்ந்து தூக்கிட்டாரு.

எழுத்துப்பிழை இருந்தா கடைக்கு எடுத்துட்டு வரவும், இலவசமாத் திருத்தித் தரப்படும்.
தினகரன்


திருச்சி
5.10.2024

அன்புத் தம்பி தினகரனுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், அவரும் நலம். அம்மா சாப்பிடுகிறாளா?

உன் குரங்குக்கு வைத்தியம் இருக்கிறது. இப்போது எல்லாரும் அடிக்கும் யூனிகோடில் அப்பா ஒருநாளும் அடித்ததில்லை. டைப்ரைட்டரில் பழகிய விரல், கடைசி வரை அந்தப் பழைய ஃபான்ட்தான். மேஜை டிராயரில் ஒரு பச்சை பென்டிரைவ் இருக்கும், அதில் 'எழுத்து' என்று ஒரு ஃபோல்டர். அந்த ஃபான்ட்டை ஏற்றிவிட்டால் குரங்கு தமிழ் பேசும்.

பிரஷ், பழையதில் மேல் வரிசையில் இடது மூலையில் இருந்தது. உன்னுடையதில் பெயர் மாறியிருக்கும், படம் மாறியிருக்காது. பெயரைத் தேடாதே, படத்தைத் தேடு.

ஹேமா-1 தலைப்பு. 2 ஊரும் தேதியும். 3 பத்திரத்தின் உடல். 4 பெயர்ப்பட்டியல். மற்றவை மனு, பயோடேட்டா, ரசீது. நான் கடையை விட்டு வந்து நாலு வருஷம் ஆகிறது. தேவையில்லை என்றால் அழித்துக்கொள்.

போன் நம்பர் வேண்டாம். போனில் குரல் வரும். எழுது.

அம்மாவைப் பார்த்துக்கொள். மழைக்காலம், கடை ஷட்டருக்கு அடியில் சாக்குப் போடு.
அக்கா


பெருங்களத்தூர்
12.10.2024

அன்புள்ள அக்கா,

நலம். சாக்குப் போட்டாச்சு. சாக்குப்போக்கு இல்லாம நிஜமாவே போட்டாச்சு.

குரங்கு தமிழ் பேசிடுச்சு. பிரஷ்ஷும் சிக்கிடுச்சு, இதுல அதுக்குக் குளோன்னு பேரு. நீ சொன்ன மாதிரி படம் மாறல.

நீ சொன்னியேன்னு ஹேமா-3ஐ மட்டும் அழிச்சுப் பாத்தேன். பம்மல்காரர் ஒருத்தரோட கிரயப் பத்திரம் அப்ப திறந்திருந்துது. பதினோரு பக்கமும் ஒரே செகண்டுல சரிஞ்சு, எல்லா வரியும் இடதுபக்கச் சுவத்துல போய் ஒட்டிக்கிச்சு. அவர் எட்டிப் பாத்து, "இன்னா தம்பி இது? பத்திரம் அடிக்கச் சொன்னா பஸ் டைம் டேபிள் அடிச்சிக்கினு கீற?"ன்னாரு. சேவ் பண்ணாம மூடித் திரும்பத் திறந்தேன். எல்லாம் எழுந்து நின்னுடுச்சு. அழிக்கற யோசனையை விட்டாச்சு.

அம்மா சாப்பிடுது. கேட்டா பதில் சொல்லுது, கேக்கலைன்னா சொல்றதில்ல. டிவி ஓடுது, சத்தம் இல்லாம. நானும் பக்கத்துல உக்காந்து வாயசைவைப் பாத்து வசனம் போட்டுக் காட்டுவேன். முன்னாடி சிரிக்கும்.

ஒண்ணு சொல்லணும். அப்பாவோட பதினாறாம் நாள் காரியப் பத்திரிகையை நான்தான் இந்தப் புதுப் பெட்டியில அடிச்சேன். உன் டெம்ப்ளேட்டைத் திறந்து, மேட்டரை மாத்தி, இருநூறு எடுத்தேன். எல்லாருக்கும் கொடுத்து முடிச்சப்புறம் அம்மாதான் பாத்துச்சு. தலைப்புக்கு மேல நடு மையத்துல பிள்ளையார் சுழி. அப்பா செத்த பத்திரிகையில 'உ'. கல்யாணப் பத்திரிகைக்கு நீ வெச்சது அப்படியே வந்துடுச்சு. அம்மா அதைக் கையில வெச்சுக்கிட்டு அந்த 'உ' மேல கட்டைவிரலைத் தேச்சுப் பாத்துச்சு. மாமா மட்டும், "அப்பனுக்கே மங்களம் பாடிட்டியேடா"ன்னாரு.

எனக்கு அழுகை வரல அக்கா. அன்னிலேர்ந்தே வரல. எல்லாரும் வருதா வருதான்னு என் மூஞ்சியைப் பாத்தாங்க. லோடிங்னு சுத்துது, திறக்க மாட்டேங்குது.

அந்த 'உ'வை எப்படி எடுக்கறது?
தினா


திருச்சி
24.11.2024

அன்புத் தம்பிக்கு,

நலம். தாமதத்துக்குக் காரணம் ஒன்றுமில்லை.

பழையதில் முதல் பக்கத்துக்கு மேல் தனியாக ஒரு தலைமேடு, அதாவது ஹெடர், வைத்து, அதில் 'உ' போட்டிருந்தேன். துக்கக் காரியத்துக்கு வேறு டெம்ப்ளேட், அதில் தலைமேடே கிடையாது. நீ சுப டெம்ப்ளேட்டை எடுத்துவிட்டாய். உன்னுடையதில் இதெல்லாம் பக்கத்தின் ஸ்டைலோடு சேர்ந்தது என்று கேள்வி. எழுத்துக்கு ஸ்டைல் இருப்பதுபோல் பக்கத்துக்கும் ஒன்று இருக்கும். துக்கத்துக்கென்று ஒரு பக்கம் புதிதாக உண்டாக்கி, தலைமேட்டை அணைத்து வை. நீ செய்தது யார் கையிலும் நடக்கக்கூடிய தவறு. அப்பா இருந்திருந்தால் இருநூறையும் கிழித்துவிட்டுத் திரும்ப அடித்திருப்பார், அவ்வளவுதான்.

பத்திரிகையில் யார் யார் பெயர் போட்டாய்?

அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?
அக்கா


பெருங்களத்தூர்
3.12.2024

அன்புள்ள அக்கா,

நலம். அம்மா முட்டியும் நலம், படி ஏறும்போது மட்டும் திட்டுது.

பக்க ஸ்டைல் வேலை செய்யுது! 'துக்கம்'னே பேர் வெச்சேன். இப்ப பட்டியல்ல டபுள் கிளிக் பண்ணா துக்கம் வந்துடும், திரும்பப் பண்ணா சாதாரணம். இவ்வளவு சுலபமா இருக்கக் கூடாது.

இன்னொண்ணு. தப்பா அடிச்சா தானாத் திருத்தற வசதி இதுலயும் இருக்கு. துரைராஜ்னு அடிச்சா 'தொந்தரவுராஜ்'னு மாறற மாதிரி வெச்சேன். மாமா ரேஷன் கார்டு மனு அடிக்க வந்து பக்கத்துல நின்னாரு. அடிச்சேன், மாறிச்சு. அழிச்சு அடிச்சேன், மாறிச்சு. "இன்னாடா இது?"ன்னாரு. "கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சிருக்கு மாமா"ன்னேன். அடி விழுந்துது. முன்னாடின்னா இந்த மாதிரி ஒண்ணுக்கு ஒரு வாரம் சிரிச்சிருப்பேன். இது மதியத்துக்குள்ள தீந்துடுச்சு.

பரீட்சைக்குப் படிக்கறேன். படிக்கற மாதிரி உக்காந்திருக்கேன்.
தினா


பெருங்களத்தூர்
20.1.2025

அன்புள்ள அக்கா,

நலமா? ஏழு வாரமா பதில் இல்ல. போஸ்ட்மேன் என்னைப் பாத்தாலே உதட்டைப் பிதுக்கறாரு.

இந்த வருஷம் நமக்குப் பொங்கல் கிடையாது. பக்கத்து வீட்டுல கொண்டுவந்து கொடுத்தாங்க. இனிச்சுது. அது மட்டும் தெரிஞ்சுது.

யார் பேர் போட்டேன்னு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. அதுக்குத்தான் நீயும் பதில் போடலைன்னு நினைக்கறேன். சரி, சொல்லிடறேன். பதினாறாம் நாள் பத்திரிகையில உன் பேர் இல்ல. மனைவி சரசு, மகன் தினகரன், மைத்துனர் துரைராஜ். அவர் பேர் மட்டும் கொட்டை எழுத்துல.

ஆகஸ்ட் பத்தாம் தேதி அப்பாவோட முதல் வருஷ நினைவு நாள். அதுக்கும் நான்தான் அடிப்பேன். வருவியா?
தினா


திருச்சி
9.3.2025

அன்புத் தம்பிக்கு,

நலம். உனக்குப் பரீட்சை நடக்கும் நேரம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நான் வரவில்லை. 2022-ல் நீங்கள் புது வீடு குடிபுகுந்தபோது அப்பா அடித்த பத்திரிகையை வினிதா போட்டோ எடுத்து அனுப்பினாள். 'மகன் தினகரன்' என்று இருந்தது. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. அதை மாமா அடிக்கவில்லை, நீயும் அடிக்கவில்லை. அப்பா தன் கையால் அடித்து, தன் கண்ணால் பிழை பார்த்து, அச்சுக்குக் கொடுத்தது. நான் அவரைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டேன், அவர் என்னைக் கேட்காமல் என் பெயரை எடுத்துவிட்டார். அவர் விட்டதை நீங்கள் யாரும் சேர்க்க வேண்டாம்.

பேனா இரண்டு எடுத்துக்கொண்டு போ. பதற்றப்படாதே.
அக்கா


பெருங்களத்தூர்
15.5.2025

அன்புள்ள அக்கா,

நலம். பாஸ். மார்க்கை நேர்ல வந்தா சொல்றேன், வராட்டி அதுக்கும் ஒரு சௌகரியம் இருக்கு.

கூட ஒரு பென்டிரைவ் வெச்சிருக்கேன். உடைக்காம திற. அதுல நீ சொன்ன 2022 பத்திரிகையோட ஃபைல் இருக்கு. பழைய ஃபைலையெல்லாம் இந்தப் பெட்டிக்கு மாத்தறப்ப திறந்தேன். கன்ட்ரோலும் எஃப்-10உம் சேத்து அழுத்தினா மறைஞ்சிருக்கற குறியெல்லாம் காட்டும் இல்ல? தெரியாத்தனமா கை பட்டுடுச்சு. பாத்தா 'மகன் தினகரன்'க்கு மேல ஒரு வரி. 'மகள் ஹேமாவதி'. அழிக்கல அக்கா. மறைச்சு வெச்சிருக்காரு. அச்சுல வராது, ஃபைல்ல இருக்கும். உன்னோட வேர்ட்லயும் பத்திக் குறி போட்ட பொத்தான் ஒண்ணு இருக்குமே, அதை அழுத்திப் பாரு.

அப்பாவுக்கு உன்னை எடுக்க மனசு வரல போல. ஊருக்காக மறைச்சிருக்காரு.

இதுல விளையாட்டு இல்ல. ஆகஸ்ட் பத்து, ஞாயித்துக்கிழமை. வா.
தினா


திருச்சி
22.6.2025

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ பாஸ் ஆனதில் அக்காவுக்குச் சந்தோஷம்.

பென்டிரைவ் வந்தது. பொத்தானை அழுத்தினேன். அந்த வரியைப் பார்த்தேன்.

நான் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் வந்தேன். போன வருஷம் ஆகஸ்ட் பதினொன்று காலை கிளாம்பாக்கத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து பெருங்களத்தூர் ஸ்டாப் வரைக்கும் வந்தேன். ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரில் அப்பாவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. கீழே மகன் தினகரன் என்று இருந்தது. மூன்று தடவை படித்தேன். கண்ணீர்கூட வரவில்லை. எழுத்து நேராக இருக்கிறதா, ஓரம் சரியாக விட்டிருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்று, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். மேளச் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

அதை யார் அடித்தது என்று நான் கேட்கவில்லை.

அம்மாவை வெயிலில் அலையவிடாதே.
அக்கா


பெருங்களத்தூர்
1.7.2025

அக்கா,

நலம் விசாரிப்பெல்லாம் அடுத்த தடவை.

நான்தான் அடிச்சேன். பத்தாம் தேதி மதியம், பழைய கம்ப்யூட்டர்ல. வெளியில ஐஸ் பெட்டி வந்து இறங்குது, உள்ள நான் அடிக்கறேன். மாமா தோள் மேல கை வெச்சு நின்னு ஒவ்வொண்ணா சொன்னாரு. மனைவி, மகன். எனக்கு மகள்னு முதல்ல போடணும்னு தெரியும். 'மகள்' வரைக்கும் அடிச்சு, 'ஹ'வும் அடிச்சேன். "யாருடா அது?"ன்னாரு. சத்தமாக்கூட கேக்கல. நான் பேக்ஸ்பேஸ்ல விரலை வெச்சு அழுத்தினேன். எல்லாம் போற வரைக்கும் எடுக்கல. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். எவ்வளவு வாய் எனக்கு, உனக்கே தெரியும். அன்னிக்கு மட்டும் இல்ல.

ஓரமெல்லாம் சரியாத்தான் விட்டேன். அது ஒண்ணுதான் சரியா செஞ்சேன்.

நீ சுவர் வரைக்கும் வந்தேன்னு எனக்குத் தெரியாது. நாங்க அந்த நேரத்துல வீட்டு வாசல்லதான் இருந்தோம். நடந்தா நாலு நிமிஷம்.
தினா


திருச்சி
19.7.2025

அன்பு தினாவுக்கு,

நாங்கள் நலம். நீ சாப்பிடு, தூங்கு.

உன் கடிதத்தைப் படித்தேன். நீ அப்போது பதினாறு வயசுப் பையன், தோளில் கை இருந்தது. அந்த போஸ்டரை இதோடு விட்டுவிடு. நானும் விட்டுவிடுகிறேன்.

இப்போது பென்டிரைவ். தம்பி, அப்பாவுக்கு மறைக்கத் தெரியாது. எழுத்தைத் தடிமனாக்கவே "ஹேமா, இங்க வா" என்று கூப்பிடுகிறவர். அந்த ஃபைலில் எல்லா வரியும் அவருடைய பழைய ஃபான்ட். 'மகள் ஹேமாவதி' மட்டும் யூனிகோட். திறந்த அன்றைக்கே பார்த்துவிட்டேன். நீ இதுவரை செய்த குறும்பிலேயே இதுதான் மட்டமான வேலை. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

ஆனால் ஃபைலைத் திறந்துவிட்டேனே, மூட மனசில்லாமல் ஒவ்வொரு வரியாக கர்சரை வைத்துக்கொண்டே போனேன். தலைப்பில் வைத்தேன். மேலே ஹேமா-1 என்று காட்டியது. தேதியில் ஹேமா-2. மகன் தினகரன் என்ற வரியில் ஹேமா-4. என் பெயரை விட்டுவிட்டு அடித்த பத்திரிகையின் ஒவ்வொரு வரிக்கும் என் பெயரைச் சொடுக்கியிருக்கிறார். அதில் மட்டும் இல்லை, நாலு வருஷமாகக் கடையில் அடித்த எல்லாவற்றுக்கும். பழக்கமாக இருக்கலாம். வேறு பெயர் வைக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம். அவர் என்ன நினைத்தார் என்று நமக்கு இனித் தெரியாது, நீயும் எழுதிச் சேர்க்காதே. இது போதும்.

அந்த ஏழையும் அழிக்காதே.

ஒன்பதாம் தேதி சாயந்திரம் வருகிறோம். அம்மாவிடம் நீயே சொல்.
அக்கா


பெருங்களத்தூர்
2.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாட்டினவனுக்கு எவ்வளவு நலம் இருக்குமோ அவ்வளவு. யூனிகோட்ல கோட்டை விட்டுட்டேன்.

அம்மாகிட்ட சொன்னேன். டிவியைப் பாத்துக்கிட்டே "எத்தனை மணிக்கு?"ன்னுச்சு. அவ்வளவுதான். மறுநாள் கடைக்கு வந்து என் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துடுச்சு. மாமா அப்ப நினைவஞ்சலி மேட்டர் சொல்ல வந்து நின்னாரு.

"மகள் ஹேமாவதி, மருமகன் ஷ்யாம்சுந்தர், மகன் தினகரன். போடு"ன்னுச்சு அம்மா.

"இன்னா சரசு இது? எவன் சொன்னான்?"

"நான்தான் சொல்றேன்."

"அப்ப என் பேரு இருக்கக் கூடாது."

"தினா, மாமா பேரை எடுத்துடு."

நான் மாமா மூஞ்சியைப் பாத்தேன். அவர் செருப்பைத் தேடினாரு. ஒரு செருப்பு நான் ஒளிச்சு வெச்சிருந்தேன், பழக்கதோஷம். எடுத்துக் கொடுத்துட்டேன்.

பேர் எல்லாம் ஹேமா-4ல இருக்கு. பக்கம், துக்கம். 'உ' இல்லை, நாலு தடவை பாத்துட்டேன், அம்மாவும் பாத்துச்சு. உன் பேரை மட்டும் அம்மா தானே அடிச்சுது, ஒத்தை விரல்ல. 'ஹே' எங்க இருக்குன்னு கேட்டுச்சு, காட்டினேன். அடிச்சு முடிச்சு நாங்க ரெண்டு பேரும் அந்த வரியைத் திரையில திரும்பப் படிச்சோம். சந்தோஷமான்னு கேட்டா தெரியல.

ஒண்ணை மட்டும் பெருசா எடுத்து, ஸ்டாப்புக்குப் பின்னாடி இருக்கற சுவத்துல அதே இடத்துல ஒட்டப் போறேன். நீ வர்ற அன்னிக்கு மத்தியானம் ஒட்டினாத்தான் பசை ஈரமா இருக்கும். இறங்கினதும் படிச்சுக்கோ. எத்தனை தடவை வேணும்னாலும் படி. ஓரம் சரியா இருக்கான்னும் பாத்துக்கோ. நான் சுவர் பக்கத்துலதான் நிப்பேன்.

ரோட்டை மட்டும் தாண்டாதே.

தம்பி
தினகரன்